கரையானிடம் கேட்டுவிட்டுக் கட்டுங்கள்

கேள்வி: அண்ணாச்சி, நானும் மனைவியும் 14 வருஷமாக ஃபின்லாந்தில் இருக்கிறோம். கடைசி ஆறு வருஷமாகக் குடியிருப்பது ஒரு லாக் ஹவுஸில். வெளியே மைனஸ் இருபது என்றாலும் உள்ளே வெதுவெதுப்பாக, மர வாசனையோடு இருக்கும். எனக்குச் சொந்த ஊர் கடையம் பக்கம். அப்பா வாங்கிப்போட்ட 38 சென்ட் இருக்கிறது. செம்மண் தரை, மேற்கே பார்த்தால் மலை. அங்கே 1,100 சதுர அடியில் இதே மாதிரி பைன் மர வீடு கட்ட ஆசை. மரத்தை இங்கேயே அறுத்து, நம்பர் போட்டு, கன்டெய்னரில் தூத்துக்குடிக்கு அனுப்பிவிடுவார்களாம். "செல்லு அரிச்சுட்டுப் போயிரும், உனக்கென்ன பைத்தியமா?" என்கிறாள் அம்மா. வெயிலுக்கும் மழைக்கும் தாங்குமா? கரையானுக்கு என்ன வழி? செலவு எவ்வளவு கூடும்? பேங்க் லோன் கிடைக்குமா? முதல் நாலைந்து வருஷம் லீவுக்கு மட்டும் வருவோம், அப்புறம் நிரந்தரமாக வந்துவிடுவோம்.

பதில்: தம்பி, கேள்விக்குறி போட்டு நீங்கள் கேட்டவற்றை எல்லாம் விட, கேள்விக்குறி இல்லாமல் எழுதிய கடைசி வரிதான் என்னை யோசிக்க வைத்தது. அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் அம்மாவை விட்டுக்கொடுக்காமல் ஒன்று சொல்லிவிடுகிறேன்: அவர்கள் சொன்னது பாதி சரி. மீதிப் பாதி உங்களுக்குச் சாதகம்.

லாக் ஹவுஸ் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் ஊர் மர வீடு மாதிரி தூண் நட்டு, உத்திரம் போட்டு, இடையில் பலகை அடிப்பதில்லை. முழுத் தடிகளைப் படுக்கை வாட்டத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, மூலையில் ஒன்றுக்குள் ஒன்று கவ்வுகிற மாதிரி வெட்டி ஏற்றுவது. சுவரும் அதுதான், வீட்டின் பாரத்தைத் தாங்குவதும் அதுதான். தமிழில் உருட்டுக்கட்டை வீடு என்று சொல்லலாம். ஆனால் உருட்டுக்கட்டைக்கு நம் பக்கம் வேறு உபயோகம் இருப்பதால் லாக் ஹவுஸ் என்றே வைத்துக்கொள்வோம்.

நீங்கள் இருக்கிற நாட்டில் பெதாயாவேசி என்ற ஊரில் ஒரு பழைய மரத் தேவாலயம் இருக்கிறது. 1763-லிருந்து 1765-க்குள் கட்டியது. யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. சுவரெல்லாம் பைன் தடிதான். 260 வருஷம் ஆகியும் நிற்கிறதே, இங்கே நிற்காதா என்று தோன்றும். அங்கே நிற்பதற்கு அந்த ஊர்த் தச்சர்களின் கைத்திறன் பாதிக் காரணம் என்றால் மீதிப் பாதி குளிர். வருஷத்தில் பல மாதம் பூஞ்சையும் பூச்சியும் உறைந்து கிடக்கும். இன்னொன்று, ஃபின்லாந்தில் கரையானே கிடையாது. உங்கள் வீட்டு அடித்தடியை இரவும் பகலும் தின்னப் பார்க்கிற ஒரு ஜீவன் அந்த நாட்டில் இல்லை. கடையத்துச் செம்மண்ணில் அதற்குத்தான் முதல் பட்டா.

மரத்தைக் குறை சொல்லவில்லை. நெல்லையப்பர் தேரைப் பாருங்கள். எத்தனை டன் மரம்! ஆனியில் ரத வீதி சுற்றி வந்த பிறகு மழை படாமல் மூடி வைத்துவிடுகிறார்கள். அம்பாசமுத்திரத்திலும் கல்லிடைக்குறிச்சியிலும் நூறு வருஷத்து மச்சு வீடுகளில் உத்திரமும் கட்டையும் இன்றைக்கும் தட்டினால் கணீரென்று சொல்லும். மரம் வீட்டுக்குள்ளே, கூரைக்குக் கீழே, கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருக்கிறது. வெளிச்சுவர் என்னவோ செங்கல்லும் காரையும்தான். பத்மநாபபுரம் அரண்மனையில் கொஞ்சம் மரமா இழைத்திருக்கிறார்கள்? அங்கேயும் கூரைச் சரிவு எவ்வளவு தாழ இறங்கி வருகிறது, மரம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பாருங்கள். நம் பக்கத்து ஆசாரிமார் மரத்தை உள்ளே வைத்தார்கள். லாக் ஹவுஸ் அதே மரத்தைக் கொண்டுபோய் வெயிலும் சாரலும் மண்ணும் சேருகிற இடத்தில் நிறுத்துகிறது. சிக்கல் முழுக்க அங்கேதான்.

சரி, வெயில். இதில் உங்களுக்கு நல்ல செய்தி. மரம் சூட்டை மெதுவாகத்தான் கடத்தும். செங்கல் கடத்துவதில் நாலில் ஒரு பங்கு, அதற்கும் குறைவு. ஆறு அங்குல பைன் சுவர், ஒன்பது அங்குலச் செங்கல் சுவரைவிடச் சூட்டை நன்றாகவே தடுக்கும். ராத்திரியிலும் நம் கான்கிரீட் வீடு மாதிரி பகல் முழுக்கக் குடித்த வெயிலைத் திருப்பி மேலே கொட்டாது. ஆனால் சூரியன் நம் தலைக்கு நேரே நிற்கிற ஊர் இது. சூட்டில் பெரும்பங்கு கூரை வழியாகத்தான் இறங்கும். கூரையைச் சரியாகப் போடாமல் சுவரை எதில் கட்டினாலும் சித்திரையில் வேகத்தான் வேண்டும். சூட்டில் வியர்க்க உட்காருகிற அந்த ஊர்ச் சவுனா அறையைத் தனியாகக் கட்ட வேண்டுமா என்று கடிதத்தின் ஓரத்தில் விளையாட்டாகக் கேட்டிருந்தீர்கள். அக்னி நட்சத்திரத்தில் மதியம் இரண்டு மணிக்குப் பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டில் கால் மணி நேரம் நின்றால் போதும், அந்தச் செலவு மிச்சம்.

வெயில் மரத்தின் மேல்தோலுக்குச் செய்கிற வேலை வேறு. வெளிச்சம் பட்டுப்பட்டு மேல்நார் வெளுத்து, சாம்பல் நிறமாகி, பொடியும். ஐரோப்பாவில் தெற்குச் சுவரைத்தான் அடிக்கடி பார்க்கச் சொல்வார்கள், வடக்குச் சுவர் பிழைத்துக்கொள்ளும். நமக்கு அந்தக் கணக்கு உதவாது. சித்திரை பிறந்ததிலிருந்து ஆவணி நடு வரை நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே சாய்ந்து நிற்கும். வடக்குச் சுவருக்கும் அடி உண்டு. அங்கே நாலைந்து வருஷத்துக்கு ஒரு தரம் அடிக்கிற ஸ்டெயின் என்கிற மரப்பூச்சை இங்கே இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் அடிக்கத் தயாராக இருங்கள். வார்னிஷ் வேண்டாம். அது ஒரு கோடையில் உரிந்து மீன்செதில் மாதிரி நிற்கும். பிறகு சுரண்டி எடுக்கிற கூலிதான் அதிகம். மரத்துக்குள் ஊறுகிற வகையாக வாங்குங்கள்.

மழையைப் பற்றி எழுதும்போது என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும்.

பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் குற்றாலம் பக்கத்தில் ஒரு தோப்புக்குள் லாக் ஹவுஸ் ஒன்றுக்கு மேற்பார்வை பார்த்தேன். வெளிநாட்டு பைன், உங்களுடையது மாதிரியே நம்பர் போட்டு வந்தது. கன்டெய்னர் வந்து இறங்கியது ஆனி மாதம். அஸ்திவார வேலை இழுத்துக்கொண்டிருந்ததால், சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமலே தார்ப்பாய் போட்டுத் தோப்பில் அடுக்கச் சொன்னேன். அது என் தப்பு. சாரல் காற்றில் உறைக்குள்ளே வியர்த்து, ஆறு வாரம் கழித்துப் பிரித்தபோது தடிகளில் நீலம் நீலமாகப் பூசணம். மரத்தின் பலத்துக்கு அதனால் பெரிய கேடு இல்லை. ஆனால் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அது போகட்டும். பெரிய கூத்து ஜன்னலில் நடந்தது. மரம் காயக் காயக் குறுக்குவாட்டில் சுருங்கும். நீளவாட்டில் அநேகமாகச் சுருங்கவே சுருங்காது. தடிகளைப் படுக்க வைத்து அடுக்கிய சுவர் என்றால் அத்தனை தடியும் குறுக்கில் சுருங்கிச் சுருங்கி, பத்தடிச் சுவர் இரண்டு மூன்று அங்குலம் கீழே இறங்கிவிடும். பச்சை மரமாக இருந்தால் இன்னும் இறங்கும். அதற்காகத்தான் ஒவ்வொரு ஜன்னல், கதவு நிலைக்கும் மேலே வெற்றிடம் விட்டு, வெளியே ஒரு பட்டியால் மறைத்திருப்பார்கள். எங்கள் ஆசாரி கெட்டிக்காரர், தென்காசி வட்டாரத்தில் பெயரெடுத்தவர். நிலைக்கு மேலே இரண்டு அங்குலம் சந்து தெரிந்ததும், வெள்ளைக்காரன் அளவைத் தப்பாக எடுத்துவிட்டான் என்று நினைத்துவிட்டார். நான் ஊரில் இல்லாத இரண்டு நாளில், ஒன்பது ஜன்னலுக்கும் தேக்குச் சட்டம் இழைத்து, தாள் நுழையாதபடி சந்தை அடைத்துவிட்டார். வந்து பார்த்தால் அவ்வளவு சுத்தமான வேலை. பாராட்டினேன் என்பதுதான் வெட்கக்கேடு. எனக்கும் அப்போது முழு விவரம் தெரியாது. எட்டாவது மாதம் ஒரு ஜன்னலையும் திறக்க முடியவில்லை. பத்தாவது மாதம் ராத்திரியில் ஒரு கண்ணாடி தானாக வெடித்தது. சுவர் முழுக்க அந்த ஒன்பது சட்டத்தின்மேல் உட்கார்ந்திருந்தது. அதனால் மேல்தடிகளுக்கு இடையில் விரல் போகிற அளவு சந்து விழுந்து, வடகிழக்கு மழை அதன் வழியாக உள்ளே வந்தது. அத்தனை சட்டத்தையும் உளியால் கொத்தி எடுத்தோம்.

அந்த வீட்டை மூன்றாவது வருஷம் போய்ப் பார்த்தேன். சாரல் அடிக்கிற மேற்குப் பக்கம், கீழிருந்து இரண்டாவது தடி. பார்வைக்கு ஒன்றும் இல்லை, லேசாகக் கறுத்திருந்தது, அவ்வளவுதான். ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினேன். பிடி வரைக்கும் போய்விட்டது. வெளியே இழுத்தால் ஈரப் பிண்ணாக்கு மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. தடி காயும்போது நீளவாட்டில் வெடிப்பு விடும். இது எல்லா லாக் ஹவுஸிலும் உண்டு, பயப்பட வேண்டியதில்லை. ஆனால் வெடிப்பின் வாய் மேல்நோக்கி இருந்தால் அது ஒரு சின்ன வாய்க்கால். சாரல் தண்ணீர் அதில் இறங்கித் தேங்கும். மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேலே போய் அப்படியே நின்றால் மக்கல் பிடித்துக்கொள்ளும். ஃபின்லாந்தில் காற்று அதைக் காய வைத்துவிடும். இங்கே ஆனி, ஆடியில் ஒரு ஈரம், அது காய்வதற்குள் ஐப்பசி, கார்த்திகையில் இன்னொன்று. இரண்டு பருவக்காற்றையும் வாங்குகிற சீமை நம்முடையது. 2023 டிசம்பரில் தாமிரபரணி என்ன செய்தது என்று நீங்கள் அங்கிருந்தே பார்த்திருப்பீர்கள்.

ஆகவே மழைக்கு நான் சொல்வது இரண்டு. கூரை சுவரைத் தாண்டி நாலடியாவது வெளியே வர வேண்டும். மேற்கிலும் கிழக்கிலும் ஆறடித் தார்சாவே, அதாவது தாழ்வாரமே போட்டுவிடுங்கள். அடித்தடி தரையிலிருந்து மூன்றடி உயரத்தில், கருங்கல் பேஸ்மென்ட் மேலே உட்கார வேண்டும். மழை தரையில் விழுந்து தெறிக்கிற தெறிப்புதான் அடித்தடியை முதலில் கொல்லும். கூரை கொட்டுகிற இடத்தில் சிமென்ட் தளம் போடாமல் ஜல்லி பரப்புங்கள், தெறிப்பு குறையும்.

இப்போது அம்மாவுடைய ஆளுக்கு வருவோம்.

கரையான் பெரும்பாலும் பறந்து வந்து சுவரைத் தின்பதில்லை. மண்ணுக்குள் புற்று வைத்து, அங்கிருந்து மண்குழாய் கட்டிக்கொண்டு ஏறி வரும். வெளிச்சமும் காற்றும் அதற்கு ஆகாது. இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. மண்ணுக்கும் மரத்துக்கும் நடுவே கல் இருக்க வேண்டும், கல்லுக்கும் மரத்துக்கும் நடுவே வெளியே இரண்டு அங்குலம் நீட்டிக் கீழ்நோக்கி மடித்த தகடு இருக்க வேண்டும். தகடு கரையானைத் தடுத்துவிடும் என்று நினைக்காதீர்கள். சுற்றிக்கொண்டு ஏறும், ஆனால் ஏறுகிறபோது மண்குழாய் உங்கள் கண்ணுக்குத் தெரியும். அதுதான் தகட்டின் உபயோகம். அஸ்திவாரம் போடும்போதே மண்ணுக்கு மருந்து விடுங்கள். அதற்கு ஐ.எஸ். 6313 என்று தனி விதிமுறையே இருக்கிறது. ஒப்பந்தக்காரரிடம் அந்த நம்பரைச் சொல்லிக் கேட்டால் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார். தரைக்கடியில் ஆள் தவழ்ந்து போகிற அளவு வெற்றிடம் விடுங்கள். எங்கள் வேலையில் பலர் செய்கிற தவறு இதுதான்: வீட்டைச் சுற்றி அழகாகக் கல் பேஸ்மென்ட் கட்டிவிட்டு, வாசல்படியை மட்டும் மண் நிரப்பி மரத்தோடு ஒட்டி வைப்பார்கள். கரையான் படி வழியாக, விருந்தாளி மாதிரி முன்வாசலில் ஏறி வரும்.

மரத்துக்கான மருந்து வேறு. தொழிற்சாலையில் அழுத்தத்தில் ஏற்றிய மரமா, வெறும் அடுப்பில் காய வைத்த மரமா என்று எழுத்தில் கேளுங்கள். அங்கே கரையான் இல்லாததால் உள்ளூர் வீட்டுக்கான தடிகளுக்கு அந்த மருந்து ஏற்றியிருக்க மாட்டார்கள். நீங்களாகக் கேட்காவிட்டால் அதே சரக்குதான் வரும். இங்கே வந்த பிறகு பிரஷால் பூசுவதெல்லாம் மேல்பூச்சு, வெடிப்பு விட்டதும் உள்ளே இருப்பது மருந்து ஏறாத மரம்தான். போராக்ஸ் கரைசல் உள்ளே ஊறும், ஆனால் மழை பட்டால் கரைந்து போய்விடும். சிலர் பழைய என்ஜின் ஆயிலை ஊற்றச் சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். நாற்றம் தலைமுறைக்கும் போகாது, தீப்பிடித்தால் நின்று எரியும்.

கரையானோடு முடிவதில்லை. உளு இருக்கிறது, மாவாகக் கொட்டினால்தான் வந்ததே தெரியும். கறுப்பாக, கட்டைவிரல் தண்டியில் ரீங்காரம் போட்டுக்கொண்டு வருகிற வண்டு ஒன்று பென்சில் போகிற அளவு துளையைக் கச்சிதமாகப் போடும். நம் பெரியவர்கள் பூவரசையும் வேம்பையும் வெட்டியதும் குளத்தில் மாதக்கணக்கில் ஊறப்போட்டதற்குக் காரணம் இந்த உளுதான். மரத்திலிருக்கிற மாவுச்சத்து தண்ணீரில் கரைந்து போய்விட்டால் பூச்சிக்கு அங்கே சாப்பாடு இல்லை. மலையடிவாரம் என்பதால் குரங்கு ஓட்டைப் பிரிக்கும், பன்றி வேலியை நோண்டும், கரடி நடமாட்டமும் உண்டு. அதெல்லாம் செங்கல் வீட்டுக்கும் பொது.

நெருப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, கிராமத்தில் எல்லோரும் கேட்பார்கள். கனமான தடி சுள்ளி மாதிரி பற்றாது. மேலே கரியாகி, அந்தக் கரியே உள்மரத்துக்குப் போர்வையாகிவிடும். நிமிஷத்துக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத்தான் உள்ளே எரியும். பயப்பட வேண்டியது வயரிங்குக்கு. தடியை அடுக்கும்போதே துளையிட்டுக் குழாய் செருகி ஏற்ற வேண்டும், பின்னால் சுவரைக் கொத்தி ஒயர் பதிக்க முடியாது. எந்த இடத்தில் ஸ்விட்ச், எந்த இடத்தில் ஏ.சி. என்று தடி அறுக்கிறதுக்கு முன்னாலேயே முடிவு செய்தாக வேண்டும். நம் ஊரில் கிரகப்பிரவேசத்துக்கு முந்தின நாள்தான் அது முடிவாகும்.

செலவுக்கு நான் ரூபாய் சொல்லப் போவதில்லை, கணக்கைத் தருகிறேன். 1,100 சதுர அடி வீட்டுக்கு வெளிச்சுவர் சுற்றளவு குறைந்தது 133 அடி வரும். பத்தடி உயரம், அரையடி கனம். கதவு ஜன்னலைக் கழித்து உள்சுவரைக் கூட்டினால் ஏறத்தாழ 650 கன அடி மரம். நாம் ஒரு வாசல்நிலைக்கு வாங்குகிற மரம் இரண்டு கன அடி வராது. அப்படியானால் முந்நூறுக்கு மேற்பட்ட வாசல்நிலைக்கான மரம் உங்கள் சுவரில் இருக்கும். செங்கோட்டையிலோ தென்காசியிலோ மரக்கடையில் அன்றைக்கு என்ன விலை என்று கேட்டுப் பெருக்கிப் பார்த்தால் தேக்கு பற்றிய ஆசை அந்த இடத்திலேயே போய்விடும். அதனால்தான் பைன். பைனுக்குக் கப்பல் வாடகை, சுங்கம், பூச்சி இல்லை என்கிற தாவர நலச் சான்றிதழ், புகைமருந்து எல்லாம் சேரும். அந்தச் சான்றிதழ் இல்லாமல் மரம் துறைமுகத்தைத் தாண்டாது. ஏற்றுகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடாதீர்கள். பனையை யோசித்துவிடாதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். நம் ஊரில் கைமரத்துக்கு வைரம் பாய்ந்த பனையை மிஞ்ச ஆளில்லை. ஆனால் அதற்கு வெளிவட்டம்தான் வைரம், உள்ளே வெறும் சோறு. தடியாக அடுக்க லாயக்கில்லை. பனையை வெட்டக் கலெக்டர் அனுமதியும் வேண்டும்.

பேங்க் லோன்: கட்டுவதற்கு முன்னால் மேலாளரை நேரில் பாருங்கள். செங்கல், கான்கிரீட் இல்லாத வீடு என்றதும் பெரும்பாலானவர்கள் நாற்காலியில் நெளிவார்கள். மதிப்பீடு போடுகிற என்ஜினீயருக்கும் இதை எப்படி மதிப்பது என்று தெரியாது. தீக் காப்பீட்டிலும் மரப்பலகைச் சுவரை ஓலை, மூங்கில் சுவரோடு ஒரே பந்தியில் உட்கார வைப்பதுதான் வழக்கம். கைக்காசில் கட்டுவதாக எண்ணிக்கொண்டு கணக்குப் போடுங்கள். மனை அடிவாரத்தில் இருப்பதால் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் உங்கள் கிராமம் வருகிறதா, புலிகள் காப்பகத்தைச் சுற்றிய எல்லைக்குள் வருகிறதா என்று சர்வே நம்பரை வைத்துக் கேட்டுவிடுங்கள். அது மரவீடு, கல்வீடு எல்லாவற்றுக்கும் வேண்டியதுதான்.

இப்போது கடைசி வரி. முதல் நாலைந்து வருஷம் லீவுக்கு மட்டும் வருவோம் என்கிறீர்கள்.

லாக் ஹவுஸ் இறங்குவதும் வெடிப்பதும் பெரும்பாலும் அந்த முதல் நாலைந்து வருஷத்தில்தான். கூரையை நடுவில் தாங்குகிற தூணுக்கு அடியிலிருக்கிற திருகு ஜாக்கியை முதல் வருஷம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை கொஞ்சம் இறக்கிவிட வேண்டும். இறக்காவிட்டால் சுவர் இறங்கும், தூண் இறங்காது; கூரை நடுவில் திமில் மாதிரி தூக்கிக்கொண்டு நிற்கும். பங்குனியில் ஸ்டெயின் பார்க்க வேண்டும். வைகாசி முடிவதற்குள் மேல்நோக்கிய வெடிப்புகளை மாஸ்டிக் வைத்து அடைக்க வேண்டும், கூரைத் தண்ணீர்த் தகரத்தில் சருகு எடுக்க வேண்டும். புரட்டாசியில் திரும்பவும் அதே வேலை. மாதம் ஒரு தரம் டார்ச் எடுத்துக்கொண்டு வீட்டுக்கடியில் தவழ்ந்து போய் மண்குழாய் பார்க்க வேண்டும். இதையெல்லாம் யார் செய்வார்கள்? அம்மாவா? சம்பளத்துக்கு ஆள் வைக்கலாம். அவர் வாசலைப் பெருக்குவார், தண்ணீர் ஊற்றுவார், உங்களுக்காகத் தரைக்கடியில் தவழ மாட்டார். ஒன்பது மாதம் ஜன்னல் திறக்காத மர வீட்டில் கார்த்திகை மாதம் சுவரெல்லாம் பூசணம் பூத்திருக்கும். ராத்திரியில் மரம் சடக், சடக்கென்று வெடிக்கிற சத்தத்துக்கு ஊரில் என்ன கதை கட்டுவார்கள் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். நீங்கள் நிரந்தரமாக வரும்போது வீட்டுக்கு ஒரு முனி வந்து சேர்ந்திருக்கும்.

அதனால் இப்போதைக்கு வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். இப்போது கட்டியே ஆக வேண்டுமென்றால் வேறு மாதிரி கட்டலாம். கருங்கல் பேஸ்மென்ட், செங்கல் வெளிச்சுவர், மேலே ஓடு, ஓட்டுக்கடியில் சீலிங் ஓடு, நாலு பக்கமும் தார்சா. மரத்தையெல்லாம் உள்ளே கொண்டுவாருங்கள்: பட்டாசாலை என்கிற கூடத்தில் கல் ஆதாரத்தின் மேல் நாலு தூண், மேலே பலகை மச்சு, மச்சுக்கு ஏற மரப்படி. காரைக்குடியில் இடித்த வீட்டு மரம் கிடைக்கும். சுருங்க வேண்டியதெல்லாம் நூறு வருஷத்துக்கு முன்னாலேயே சுருங்கி முடித்த மரம். வாங்கும்போது உள்ளே ஒடிந்து நிற்கிற ஆணியைப் பிடுங்கித் தரச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மில்காரர் ரம்பத்துக்குக் காசு கேட்பார். அந்த வீட்டின் நடுவில் ஓர் அறையை மட்டும், பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு, உங்கள் பைன் தடியில் அடுக்கிக்கொள்ளுங்கள். கூரையும் தார்சாவும் அதற்குக் குடை பிடிக்கும். வாசனை அப்படியே கிடைக்கும். மரமும் 240 கன அடிக்குள் முடிந்துவிடும்.

நிரந்தரமாக வந்த பிறகும் முழு லாக் ஹவுஸ்தான் வேண்டும் என்றால் அப்போது மறுபடி எழுதுங்கள், நான் தடுக்க மாட்டேன். முழுத் தடி வேண்டாம், பலகைகளை ஒட்டிச் செய்த தடியாக, அதிலும் இறங்காத வகையாகக் கேளுங்கள். அந்த ஊர்க் கம்பெனிகளில் இப்போது செய்கிறார்கள். என்னைப் போல ஆசாரியிடம் சொல்லாமலும் இருந்துவிடாதீர்கள்.

அதற்குள் ஒரு காரியம் செய்யலாம், காசு அதிகம் ஆகாது. இந்த லீவுக்கு வரும்போது ஒரு முழ நீளத்தில் பைன் துண்டு ஐந்தாறு, நன்றாகக் காய்ந்ததாகத் தேடி வாங்குங்கள்; அந்தச் சான்றிதழ் இல்லாமல் அங்கிருந்து பெட்டியில் போட்டுக்கொண்டு வர வேண்டாம், தூத்துக்குடியில் பாக்கிங் பெட்டி உடைத்து விற்கிற இடத்தில் பைன் பலகை கிடைக்கும். கூடவே மாமரத் துண்டு ஐந்து, வேப்பந்துண்டு ஐந்து. 38 சென்டிலும் அங்கங்கே பாதி மண்ணுக்குள் இருக்கும்படி அடித்து வையுங்கள். ஒவ்வொன்றிலும் பெயின்டால் நம்பர் எழுதி, எது எங்கே என்று ஒரு தாளில் குறித்து அம்மா கையில் கொடுத்துவிடுங்கள். ஐப்பசி மழை விட்டதும் ஒவ்வொன்றாகப் பிடுங்கி போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். எந்த மூலையில் கரையான் எவ்வளவு, எந்த மரத்தை முதலில் எடுத்தது என்று அதில் தெரிந்துவிடும். போட்டோவை எனக்கும் அனுப்புங்கள். அஸ்திவாரம் எங்கே தோண்டுவது என்று அதைப் பார்த்துப் பேசலாம்.